ஒகவாங்கோவில் வீணாகும் தண்ணீர்

போட்ஸ்வானா நாட்டின் ஒகவாங்கோ டெல்டாவுக்குள் வந்து சேரும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு யாருக்கும் பயன்படாமல் காற்றோடு போகிறது என்று என்னிடம் முதலில் சொன்னவர் ஓய்வு பெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர் ஒருவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான அவர், மகனுடன் சில மாதங்கள் தங்கிப் போகத் தலைநகர் காபரோனிக்கு வந்திருந்தபோது, நாங்கள் சிலர் சேர்ந்து அவரையும் அழைத்துக்கொண்டு வடமேற்கே மவுன் நகரத்துக்குப் போயிருந்தோம். வழியெல்லாம் மதகையும் மடையையும் பற்றியே பேசிக்கொண்டு வந்தவருக்கு, டெல்டாவின் கணக்கு தெரிந்ததும் பொறுக்கவில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 900 முதல் 1,000 கோடி கனமீட்டர் நீர் அங்கோலாவிலிருந்து இங்கே வருகிறது. அவருக்குப் பழகிய அளவில் அது ஏறத்தாழ 330 டி.எம்.சி.; மேட்டூர் அணையை மூன்றரை முறை நிரப்பக்கூடிய நீர். அதில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மட்டுமே டெல்டாவின் தென்கோடியைத் தாண்டி ஆறாக வெளியேறுகிறது. இன்னும் சிறிது நிலத்தடிக்கு இறங்குகிறது. எஞ்சியதெல்லாம் வெயிலுக்கும் செடிகொடிகளுக்கும். “இவ்வளவு தண்ணியையும் வெயில் குடிச்சிட்டுப் போகுது தம்பி, கேக்க ஒரு ஆள் இல்ல” என்றார். எண்களில் பிழையில்லை. ஆயினும் அவற்றிலிருந்து அவர் வந்தடைந்த முடிவு எனக்குச் செரிக்கவில்லை. ஏன் செரிக்கவில்லை என்று உடனே சொல்லவும் தெரியவில்லை.

வெளியூரிலிருந்து வந்தவரின் அவசரப் பேச்சு என்று அதை ஒதுக்கவும் முடியாது. நான் வாழ்வது இந்த நாட்டின் தலைநகரில். 2015ஆம் ஆண்டில் காபரோனி அணை ஏறத்தாழ முழுவதுமாக வறண்டதைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீர் எங்கேனும் சும்மா போகிறது என்ற செய்தி எவ்வளவு எரிச்சலைத் தரும் என்று தெரியும். வீட்டு முற்றங்களில் பச்சை நிறத் தொட்டிகள் முளைத்தன. குழாயில் நீர் வரும் நாளும் வராத நாளும் பற்றிய அறிவிப்பைப் பார்த்துத்தான் துணி துவைப்பதும் விருந்தினரை அழைப்பதும் தீர்மானமாயின. நாட்டின் கிழக்குப் பகுதியில் லெட்சிபோகோ அணையிலிருந்து 360 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியாகத் தலைநகருக்குத் தண்ணீர் இறைக்கப்படுகிறது. அந்தக் குழாய் ஓரிடத்தில் உடைந்தால் நகரத்தின் பேச்சே மாறிவிடும். இப்படிப்பட்ட நாட்டில் மேட்டூர் அளவு நீர் மூன்றரை முறை வந்து மறைகிறது என்றால், பொறியாளர் கொதித்ததில் நியாயம் இல்லையென்று யார் சொல்ல முடியும்?

போட்ஸ்வானாவின் நில அமைப்பே அந்தக் கொதிப்பை ஊட்டி வளர்க்கிறது. ஏறத்தாழ 5,82,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, 23 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள், கடற்கரை கிடையாது. கடல்மட்டத்திலிருந்து சராசரியாக 1,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும், பெரும்பாலும் மேடுபள்ளமற்ற பீடபூமி. அதன் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான பரப்பைக் கலஹாரி மணல் மூடியிருக்கிறது. மணல்மேடுகளையே எதிர்பார்த்துப் போகிறவர் கலஹாரியில் ஏமாற்றமடைவார். அங்கே புல் உண்டு, முள்மரம் உண்டு, மழைக்காலத்தில் பச்சை உண்டு. இல்லாதது ஓடும் நீர்தான். பெய்ததை மணல் உள்வாங்கிக்கொள்ளும். ஓடையாகத் திரள விடாது. இந்தியப் பெருங்கடலின் ஈரம் கிழக்கிலிருந்து வருவதால், வடகிழக்கில் சோபே பக்கம் ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் பெய்யும் மழை, தென்மேற்குக்குப் போகப்போக 250 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதுவும் அக்டோபர் கடைசியில் தொடங்கி மார்ச் அல்லது ஏப்ரலுக்குள் முடிந்துவிடும். சில ஆண்டுகளில் தொடங்கியதும் தெரியாது, முடிந்ததும் தெரியாது. திறந்த பாத்திரத்தில் நீர் வைத்தால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு ஆவியாகும் வெயில் இது. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகள் என்று சொல்லத்தக்கவை வடக்கு எல்லையை ஒட்டிய சோபேயும் ஒகவாங்கோவும்தான். இரண்டுமே அயல்நாட்டில் பிறந்தவை.

மழையில்லாத மாதத்தில் வரும் வெள்ளம்

அங்கோலாவின் பியே மேட்டுநிலத்திலும் அதை ஒட்டிய உயர்நிலங்களிலும் டிசம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழையே ஒகவாங்கோவின் முதல். மேற்கே கூபாங்கோ, கிழக்கே குயிட்டோ என்று இரண்டு ஆறுகளாகத் தெற்கே இறங்கி, அங்கோலா நமீபியா எல்லையில் ஒன்றுசேர்ந்து, நமீபியாவின் ஒடுங்கிய நிலத்துண்டைக் கடந்து, போப்பா என்னுமிடத்தில் பாறைகளில் சிறிது சலசலத்துவிட்டு, மொஹெம்போவில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. அங்கே வெள்ளத்தின் உச்சம் ஏப்ரலை ஒட்டி வரும். அதன்பின் இரண்டு இணைப் பிளவுகளுக்கு இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் நாணல் சூழ்ந்த தாழ்நிலத்தில் வளைந்து வளைந்து வந்து, குமாரே பிளவைத் தாண்டியதும், விரித்த கையைப் போலப் பல கிளைகளாகப் பிரிந்து பரவுகிறது. எதிர்முனையில் குன்யேரே, தமலகானே என்னும் பிளவுகள் குறுக்கே கிடந்து நீரைத் தடுத்து நிறுத்துகின்றன. கிழக்கு ஆப்பிரிக்கப் பெரும்பிளவின் தென்மேற்கு நீட்சியாகக் கருதப்படும் இந்தப் பிளவுகள் இல்லையென்றால் டெல்டாவே இல்லை.

மொஹெம்போவிலிருந்து மவுனுக்கு நேர்க்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். நிலத்தின் இறக்கமோ 60 மீட்டர் அளவுதான். புல்லும் பாப்பிரஸ் கோரையும் தேக்கித் தேக்கி விடுவதால், ஏப்ரலில் உள்ளே வந்த வெள்ளத்தின் உச்சம் மவுனை எட்ட ஏறத்தாழ நான்கு மாதம் ஆகிறது; அதன் நுனி சற்று முன்னதாக வரும். ஆகவே இந்த நாட்டில் மழை முற்றிலும் நின்றுபோய், புல் காய்ந்து, இரவில் குளிர் நடுக்கும் ஜூன், ஜூலை மாதங்களில், வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோது, மவுன் நகரத்தின் வறண்ட ஆற்றுப்படுகையில் தண்ணீர் வருகிறது. வந்து சேரும் நுனி ஓர் ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, காய்ந்த இலைகளையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று அதை நிரப்பிவிட்டு மேலே நகரும். அதைப் பார்க்க ஊரார் பாலத்தடியில் கூடுவார்கள். 5,000 சதுர கிலோமீட்டர் அளவில் நிலையாக இருக்கும் சதுப்பு, ஆகஸ்டில் நல்ல ஆண்டுகளில் 12,000 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. யானை, எருமை, லெச்வே மான், வரிக்குதிரை ஆகியவை உள்நிலத்து மழைக்குட்டைகள் வற்றும் அதே வாரங்களில் டெல்டாவை நோக்கித் திரும்புகின்றன. நாட்டில் உள்ள ஏறத்தாழ 1,30,000 யானைகளில் பெரும்பகுதி வடக்கில் இருப்பதற்கு, வறண்ட காலத்தில் வந்து சேரும் இந்த நீரும் சோபே, லின்யாந்தி ஆறுகளுமே காரணம். மழையும் வெள்ளமும் ஒரே காலத்தில் வந்திருந்தால் இங்கே பாதி விலங்குகளும் இருந்திருக்காது என்பது என் துணிபு.

பொறியாளரின் கருத்து புதியதன்று என்பதைப் பின்னர் படித்தபோது அறிந்தேன். 1918ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவில் எர்னஸ்ட் ஷ்வார்ஸ் என்னும் நிலவியல் பேராசிரியர், வடக்கத்திய ஆறுகளைத் திருப்பிக் கலஹாரியின் பழைய ஏரிகளை நிரப்பிவிட்டால், அந்த நீர் ஆவியாகி மழையாகப் பெய்து தென்னாப்பிரிக்காவின் வறட்சியே தீர்ந்துவிடும் என்று வாதிட்டார். அவருக்குப் பெரும் ஆதரவு திரண்டது. 1925இல் அலெக்ஸ் டு டாய்ட் தலைமையில் ஒரு குழு நேரில் போய் நிலமட்டங்களை அளந்துவிட்டுத் திரும்பி, அது நடவாது என்று அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், ஷ்வார்ஸுக்கு ஆவியாதல் நன்மையாகத் தெரிந்தது. எங்கள் பொறியாளருக்கு அதுவே கொள்ளையாகத் தெரிகிறது. இருவருக்கும் பொதுவானது ஒன்றுதான்: ஆறு இப்போது இருக்கும் இடத்தில் அதற்கு வேலை எதுவும் இல்லை என்ற நம்பிக்கை.

தீவின் நடுவே வெள்ளை மண்

அந்த நம்பிக்கையை அசைத்தது ஒரு தீவு. மவுனுக்கு வடக்கே மொகோரோவில் போயிருந்தோம். ஒரே மரத்தைக் குடைந்து செய்யும் தட்டையான ஓடம் அது. பின்னால் ஒருவர் நின்று நீண்ட கழியால் தரையை ஊன்றித் தள்ளுவார். இப்போது பெரும்பாலும் கண்ணாடியிழையில் செய்கிறார்கள். ஓர் ஓடத்துக்காகப் பெரிய மரம் ஒன்றை வெட்டாமல் இருப்பது நல்லதே. எங்கள் ஓட்டி வயேயி இனத்தவர். இந்த நீர்வழிகளில் ஓடம் செலுத்துவதில் அவர்களைப் பெயர்பெற்றவர்கள் என்பார்கள். அவர் ஓடத்தை ஒரு சிறிய தீவில் ஏற்றி நிறுத்தினார். கரையோரம் முழுவதும் நெருக்கமான உயர்ந்த மரங்கள்: அத்தி, கருங்காலி இனத்தைச் சேர்ந்த ஒரு மரம், காட்டுப் பேரீச்சை, நம்மூர்க் கல்லூரி வளாகங்களில் சிவகுண்டலம் என்று வளர்க்கிறோமே, நீண்ட காய்கள் தொங்கும் அதே மரம். மரவேலியைத் தாண்டி உள்ளே நடக்க நடக்க மரங்கள் குட்டையாகி, பின் விசிறிப் பனைகள் மட்டும் நின்று, அதன்பின் அவையும் இல்லாமல், நட்டநடுவில் வெறும் வெள்ளை மண். காலடியில் பொருக்கு நொறுங்கியது. நீர் சூழ்ந்த தீவின் மையத்தில் ஒரு புல்லும் முளைக்காத பாழ்நிலம் இருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஓட்டி குனிந்து ஒரு சிட்டிகையை எடுத்து என் கையில் வைத்து, “நாக்கில் வைத்துப் பாருங்கள், ர்ரா” என்றார். ஆண்களை மரியாதையாக விளிக்கும் முறை அது. கரித்தது, சோப்பின் வழவழப்பும் இருந்தது. ஐம்பது அடி தள்ளி ஓடத்தின் ஓரத்தில் அவர் அள்ளிக் குடித்த நீரில் துளியும் உப்பில்லை. “மரம் தண்ணீரை மட்டும் குடிக்கும், உப்பை இங்கே தள்ளிவிடும். அதனால்தான் நாங்கள் அதைக் குடிக்கிறோம்” என்று ஓடத்தின் பக்கம் கைகாட்டினார். பொறியாளர் அப்போது மேலே ஒன்றும் பேசவில்லை. ஊருக்குத் திரும்பியபின் நான் தேடிப் படித்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை என்றே சொல்ல வேண்டும்.

மழைநீரில் இல்லாத உப்பு ஆற்றுநீரில் சிறிதளவு உண்டு. அங்கோலாவின் பாறையும் மண்ணும் கரைந்து வருபவை. ஒகவாங்கோ ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டன் கரைந்த உப்புகளைக் கொண்டுவந்து, கடலுக்குப் போகும் வழியில்லாத ஒரு பள்ளத்தில் இறக்குகிறது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இந்தக் கணக்குப்படி டெல்டா எப்போதோ உப்பளமாகியிருக்க வேண்டும். ஆகாததற்குக் காரணத்தை விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் டெரன்ஸ் மெக்கார்த்தியும் உடன் ஆய்ந்தவர்களும் 1980கள் முதல் பொறுமையாகத் தோண்டி எடுத்தார்கள். டெல்டாவில் இருப்பதாகச் சொல்லப்படும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் தீவுகளில் பெரும்பாலானவை கறையான் புற்றிலிருந்து தொடங்குகின்றன. வறண்ட காலத்தில் கறையான் எழுப்பிய மேடு, வெள்ளம் வரும்போது நீருக்கு மேலே தலைநீட்டி நிற்கும். பறவைகளின் எச்சத்தில் விழுந்த விதைகள் அங்கே மரமாகும். அந்த மரங்கள் பகலெல்லாம் நிலத்தடி நீரை இழுப்பதால் தீவின் அடியில் நீர்மட்டம் தாழ்ந்து, சுற்றியுள்ள சதுப்பிலிருந்து நீர் உள்ளே கசிந்துகொண்டே இருக்கிறது. வேர்கள் நீரை எடுத்துக்கொண்டு உப்பைத் தவிர்க்கின்றன. சுண்ணாம்பும் சிலிக்காவும் கரையோர மண்ணிலேயே படிந்து தீவை உயர்த்தி அகலப்படுத்துகின்றன. சோடியம் உப்புகள் மேலும் செறிந்து நடுவே சேர்கின்றன. அங்கே அடர்த்தி மிகுந்த உப்புநீர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. மேலே வருவது நாங்கள் பார்த்த வெள்ளைப் பொருக்கு. தன்னைச் சுற்றியுள்ள நீரை நன்னீராக வைத்திருக்க ஒவ்வொரு தீவும் தன் நடுப்பகுதியைப் பலிகொடுக்கிறது.

பொறியாளர் சொன்ன தொண்ணூற்றைந்து பங்கை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கும்போது அதன் பொருளே வேறாகிறது. வெறும் வெயில் மட்டும் நீரைக் குடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்யத் தேவையில்லை. தென்கிழக்கே சில மணி நேரப் பயணத்தில் மக்கடிக்கடி இருக்கிறது. பழங்காலத்தில் ஒகவாங்கோவின் நீரும் சாம்பெசியின் மேல்பகுதி நீரும் வந்து தேங்கி, மிக விரிந்த நிலையில் 60,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்த ஏரி அது. நிலம் உயர்ந்து, ஆறுகள் திசைமாறி, காலநிலை வறண்டபின், அது ஆவியாகி விட்டுச்சென்றது ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர் உப்புவெளி. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் சுவா உப்புப் பள்ளத்தில் பூநாரைகள் திரளாக வந்து முட்டையிடுகின்றன. அதன் அடியிலிருந்து 1991 முதல் சோடா உப்பும் எடுக்கிறார்கள். அழகிலும் வருவாயிலும் குறைவில்லை. ஆனால் அங்கே யாரும் குனிந்து அள்ளிக் குடிக்க மாட்டார்கள். மரங்களுக்கு ஊடே போன நீரும் மரமில்லாமல் போன நீரும் இருவேறு நாடுகளை உண்டாக்கியிருக்கின்றன.

ஆற்றின் கிளைகளும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. ஆறு கொண்டுவரும் மணலைக் கால்வாயின் அடியிலேயே விட்டுவிட்டு, நீர் மட்டும் பாப்பிரஸ் வேலியின் இடுக்குகள் வழியே இருபுறமும் கசிகிறது. பல பத்தாண்டுகளில் அடிமட்டம் உயர்ந்து, கோரைத் திட்டுகள் அடைத்து, அந்தக் கிளை சாகும். நீர்யானைகள் இரவில் மேயப்போகும் தடங்களே புதிய நீர்வழிகளாகத் திறக்கும். கைவிடப்பட்ட சதுப்பில் மக்கிய தாவரப்படிவு உலர்ந்து, தரைக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் கனன்று எரிந்து, சாம்பல் உரமாகிப் புல்வெளி வரும். மழை அங்கே சேர்ந்த உப்பைக் கீழே கழுவும். மேற்கே தவோகே என்னும் கிளை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படித்தான் அடைபட்டது. 1849இல் லிவிங்ஸ்டன் கண்டு வியந்த ங்காமி ஏரி அதன்பின் சுருங்கி, சில காலம் மாட்டு மேய்ச்சல் நிலமாகவே இருந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு வழியாக நீர் வந்து மீண்டும் நிரம்பி, 2019இன் வறட்சியில் மறுபடி சேறானது. ஏரியை நம்பிய ஊருக்கு இது துயரம் என்பதில் ஐயமில்லை. டெல்டாவுக்கோ இந்த இடமாற்றமே ஆயுள்.

1991 ஜனவரி

இந்த அறிவியல் எல்லாம் பரவலாகத் தெரிவதற்கு முன்பே மவுன் மக்கள் ஒரு முடிவெடுத்திருந்தார்கள் என்பதே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டெல்டாவிலிருந்து வெளியேறும் கிளைகளுள் முக்கியமான போரோவின் கீழ்ப்பகுதியை இயந்திரத்தால் தோண்டி ஆழப்படுத்தி, நீரை விரைவாக வெளியே இழுத்து, அணைகளில் தேக்கி, பாசனத்துக்கும் மவுன் நகரத்துக்கும் ஒராபா வைரச் சுரங்கத்துக்கும் கொடுப்பது என்று அரசு ஒரு பெருந்திட்டம் வகுத்திருந்தது. பொறியியல் கண்ணால் பார்த்தால் குறைசொல்ல முடியாத திட்டம். வீணாகும் நீரில் சிறு பங்கைத்தான் கேட்டது. ஆனால் அதே போரோவின் ஒரு பகுதியை 1970களின் தொடக்கத்தில் சுரங்கத்துக்காகத் தோண்டியதன் விளைவை அங்குள்ளவர்கள் நேரில் கண்டிருந்தார்கள். கரைகள் நேரான அந்த நீரோட்டத்தின் இருபுறமும் முன்பு வெள்ளம் ஏறிய தாழ்நிலங்களுக்கு நீர் ஏறவில்லை. மீனும் நாணலும் குறைந்தன.

தாழ்நிலம் என்றால் அவர்களுக்கு வயல். வெள்ளம் வடிந்த ஈரத்தில், மழையை எதிர்பாராமல் மக்காச்சோளமும் சோளமும் விதைக்கும் முறையை மொலாப்போ சாகுபடி என்கிறார்கள். அல்லிக்கிழங்கை எடுத்து இறைச்சியோடு சமைக்கிறார்கள், நாணலையும் கூரைப்புல்லையும் வெட்டி விற்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். நம் பொறியாளரின் கணக்கேட்டில் ‘ஆவியாதல்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதப்பட்டிருந்தவற்றில் இவையெல்லாம் அடங்கும். 1991 ஜனவரியில் மவுனின் கொட்லாவில், அதாவது ஊர்மன்றத்தில், அரசுத் தரப்பினர் முன்னிலையில் கூட்டம் நடந்தது. கொட்லாவில் யாரும் எழுந்து பேசலாம். பேசுபவரை இடைமறிப்பது வழக்கமில்லை. மணிக்கணக்கில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தோண்ட வேண்டாம் என்றார்கள். அரசு வேலையை நிறுத்திவைத்து, ஐ.யு.சி.என். என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பை அழைத்து மறுஆய்வு செய்வித்தது. 1992இல் திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் பேசியதைக் கேட்டு ஓர் அரசு தோண்டும் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பியதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை. அதற்கு முன்னரும், 1963இல், வேட்டையால் விலங்குகள் குறைவதைக் கண்டு தங்கள் நிலத்தின் ஒரு பகுதியை மொரேமி காப்பகமாக ஒதுக்கியவர்கள் இதே பகுதியின் பட்டவானா மக்கள்தான்.

எல்லாவற்றிலும் இந்த நாடு இப்படி நிதானித்தது என்று சொல்ல மாட்டேன். மாட்டிறைச்சி ஏற்றுமதிக்காகக் கோமாரி நோயைத் தடுக்க 1950கள் முதல் போட்ட நெடுங்கம்பி வேலிகளில், தண்ணீரைத் தேடிப் போன வில்டபீஸ்ட் மான்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. டெல்டாவுக்கும் மக்கடிக்கடிக்கும் இடையே வரிக்குதிரைகள் போய்வந்த வழியையும் 1968இல் ஒரு வேலி அடைத்தது. 2004இல் அதை அகற்றியபின், அந்த வழியை ஒருமுறையும் கண்டிராத தலைமுறை மீண்டும் அதே திசையில் நடக்கத் தொடங்கியது. டெல்டாவின் தெற்கு ஓரத்து எருமை வேலியோ இன்றும் நிற்கிறது. ஒரு பக்கம் மாடுகளால் மொட்டையடிக்கப்பட்ட நிலம், மறுபக்கம் இடுப்பளவு புல். வேலியை எடுக்கச் சொல்லும் சுற்றுலாப் பயணிகளிடம் மாட்டுக்காரர் ஒருவரின் கணக்கையும் கேட்டுவிட்டுப் பேசச் சொல்வேன்.

மேலே இருப்பவர்களின் தண்ணீர்

டெல்டாவின் வருங்காலம் மவுனின் கொட்லாவில் தீர்மானமாகப் போவதில்லை என்பதே இப்போதைய சிக்கல். நீர் அங்கோலாவினுடையது. 1975 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தென்கிழக்கு அங்கோலா மக்கள் பெயர்ந்து, கண்ணிவெடிகள் புதைந்து, சாலையற்றுக் கிடந்தது. 1987-88இல் பெரும்போர் நடந்த குயிட்டோ குவானவாலே இந்த ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. டெல்டா இவ்வளவு தூய்மையாக இருப்பதற்கு அந்தக் கொடுமையும் ஒரு காரணம் என்பதைச் சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதில்லை. போர் முடிந்தபின் திரும்பி வந்தவர்களுக்கு வயலும் மின்சாரமும் வேண்டும். 1996-97 வறட்சியில் நமீபியாவும் ஆற்றங்கரை ஊரான ருண்டுவிலிருந்து தன் நடுப்பகுதிக்குக் குழாய் போட முனைந்தது. மழை வந்து அதை ஒத்திப்போட வைத்தது. 1994இல் மூன்று நாடுகளும் சேர்ந்து அமைத்த ஒகாகோம் என்னும் நிரந்தர ஆற்றுநீர் ஆணையம் பேச இடம் தருகிறது. முடிவை அவரவர் தலைநகர்கள் எடுக்கின்றன. 2014இல் உலகப் பாரம்பரியப் பட்டியலின் 1,000ஆவது இடமாக டெல்டா சேர்க்கப்பட்டபோது, பட்டியலில் ஏறியது போட்ஸ்வானாவுக்குள் இருக்கும் நிலம் மட்டுமே. அதை நிரப்பும் ஆறுகளின் தலைப்பகுதி அதில் இல்லை.

பொறியாளர் ஊருக்குத் திரும்பிவிட்டார். விவாதம் மட்டும் தொலைபேசியில் தொடர்கிறது. உப்பையும் மரத்தையும் பற்றி நான் எழுதியனுப்பியதை அவர் மறுக்கவில்லை. அவர் தம் வாழ்நாளில் உப்பேறிய வயல்களைக் கண்டவர். ஆனால் அங்கோலாக்காரர் ஒருவர் தம் ஊர் வழியாக ஓடும் ஆற்றில் வாய்க்கால் வெட்டக் கேட்டால், கீழே யானை பார்க்க வரும் வெள்ளைக்காரருக்காக வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார் என்று கேட்கிறார். கூர்மையான கேள்வி. சொல்ல எனக்கு உரிமையில்லை. போட்ஸ்வானாவுக்கும் இலவசமாகச் சொல்லும் உரிமையில்லை என்று நினைக்கிறேன். சுற்றுலாவில் இந்த நாடு ஈட்டும் பணத்தில் ஒரு பங்கு, நீரை விட்டுக்கொடுக்கும் மேல்நிலத்துக்குப் போக வேண்டும். அதைக் கொடையாக நினைக்காமல் நீரின் விலையாகவே எழுத வேண்டும்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் எங்கே எடுப்பது என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் ஓரளவு நெருங்கி வந்திருக்கிறோம். கூபாங்கோ சரிவான நிலத்தில் இறங்குவது. மழைக்குப் பின் சட்டென்று பெருகி, சட்டென்று வடியும். டெல்டாவின் விளிம்புவரை நீரைத் தள்ளும் ஏப்ரல் வெள்ளம் பெரிதும் அதன் வேலை. குயிட்டோவோ ஆழ்ந்த கலஹாரி மணலிலும் சதுப்புப் பள்ளத்தாக்குகளிலும் நீரை ஊறவைத்து மாதக்கணக்கில் சிறிது சிறிதாக விடுகிறது; வறண்ட மாதங்களில் டெல்டாவின் நிலையான சதுப்பைக் காப்பது அதுதான். 2019இலும் 2024இலும் வெள்ளம் பொய்த்து, மவுனின் தமலகானே ஆறு காய்ந்து, நீர்யானைகள் சேற்றில் புதைந்து கிடந்த படங்கள் உலகெங்கும் போயின. அந்த ஆண்டுகளிலும் உள்சதுப்பு முற்றிலும் வற்றிவிடவில்லை. ஆகவே மழைக்காலப் பெருக்கில் கூபாங்கோவிலிருந்து ஒரு பங்கை அங்கோலா எடுத்துக்கொள்ளட்டும், அளவைக் கொட்லாவில் அமர்ந்து பேசுவதுபோலப் பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம் என்கிறேன். குயிட்டோவில் அணை கூடாது என்கிறேன். முதல் பாதிக்கு அவர் சம்மதிக்கிறார். இரண்டாவதற்கு, சிறியதாக ஒரு தடுப்பணையாவது போடலாமே என்று சென்ற வாரம்கூட ஒரு வரைபடம் அனுப்பியிருக்கிறார்.